கேட்டரிங் போகிற பிள்ளைகளுக்குக் கல்லூரியிலேயே வேலை கொடுங்கள்

உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும் கல்லூரிக் கல்வி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். எங்கள் வருகைப் பதிவேட்டையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஆவணியிலோ தையிலோ நல்ல முகூர்த்தம் வந்துவிட்டால் பையன்கள் பக்கத்து பெஞ்சுகள் காலி. கல்யாணத்துக்குத்தான் போயிருப்பார்கள், பந்தி பரிமாற.

முதல் நாள் சாயங்காலமே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். கறுப்பு பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் அவரவர் கொண்டுபோக வேண்டும். வரவேற்புப் பந்தி முடிந்து டேபிளைத் துடைத்து ஓரம்கட்டும்போது பதினோரு மணி தாண்டிவிடும். மண்டபத்திலேயே ஒரு மூலையில் படுத்து எழுந்து, விடிவதற்குள் காலை டிபனுக்கு இலை போட்டாக வேண்டும். கூலி பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். சில சமயம் "அடுத்த ஆர்டர்ல சேத்துத் தரேன் தம்பி" என்பதோடு சரி. கேட்க ஆளும் கிடையாது, காட்ட ரசீதும் கிடையாது.

அப்புறம் செமஸ்டர் முடிவில் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். கொஞ்சம் குறைந்தால் பணம் கட்டித் தேர்வு எழுதலாம். வகுப்புக்கு வராமல் சம்பாதித்த பணத்தை, வகுப்புக்கு வராததற்கே கட்டுகிறான். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஷிப்ட் முறை உள்ள கல்லூரிகளில் காலையா மதியமா என்று சேர்க்கையில் கேட்டால், ஜவுளிக் கடைக்கோ டெலிவரிக்கோ எது தோதுப்படும் என்று கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருவதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த ஆயிரத்தால் படிப்பை நிறுத்தாமல் இருக்கும் பிள்ளைகளை எனக்கே தெரியும். ஆனால் அப்பா கீழே விழுந்து இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாத வீட்டில் ஆயிரம் எத்தனை நாள் தாங்கும்? அந்த வீட்டுப் பையன் வேலைக்குப் போகத்தான் போகிறான். அந்த வேலையைக் கல்லூரிக்குள்ளேயே, வகுப்பு நேரம் போக, மணிக்கணக்கில் கூலியோடு கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வேலையா இல்லை? உதவித்தொகை வேண்டுமென்றால் மாணவர் விவரம் யூமிஸ் என்ற அரசின் உயர்கல்வி மாணவர் தகவல் தளத்தில் சரியாக ஏற வேண்டும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றில் எது உதைத்தாலும் பணம் வராது. எங்கள் துறை வராந்தாவில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஜூனியர்களின் போனை வாங்கிப் பார்த்துச் சொல்வாள். எந்த வங்கியில் என்ன படிவம் கேட்பார்கள் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. பிரவுசிங் சென்டரில் காசு வாங்கிக்கொண்டு செய்வதை அவள் சும்மா செய்கிறாள். சனி, ஞாயிறு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டுத் திங்கட்கிழமை கால் வலியோடு வருவதும் அவள்தான். இரவு கேட்டரிங்குக்குப் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் இப்படிப்பட்ட நிற்கிற வேலைதான்.

நூலகத்தைச் சாயங்காலமும் திறந்து வைக்கலாம். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். இப்போது அதை நண்பர்கள் நேரம் கிடைத்தால் செய்கிறார்கள், தேர்வு நெருங்கினால் அதுவும் நின்றுவிடும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் 1947இல் சாத்தாராவில் தொடங்கிய சத்ரபதி சிவாஜி கல்லூரி, உழைத்துக்கொண்டே படிப்பது என்ற ஏற்பாட்டில் நடந்தது. புணே பல்கலைக்கழகம் பாவுராவ் பாட்டீல் பெயரிலேயே அப்படி ஒரு திட்டத்தை நடத்துகிறது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இதே மாதிரித் திட்டம் இன்றும் நடக்கிறது. மாணவர் கூலியில் பொதுவாக 75 சதவீதம் வரை அரசு தர, மீதியைக் கல்லூரி போடுகிறது. நம் ஊரிலேயே 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தோமே.

அமெரிக்க ஏற்பாட்டில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. இப்படிச் சம்பாதித்த கூலியை அடுத்த ஆண்டு உதவி கணக்கிடும்போது மாணவரின் வருமானமாக அங்கே சேர்ப்பதில்லை. இங்கே ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். வரம்பை ஒட்டி நிற்கும் குடும்பத்தில், பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்து வாங்கிய கூலியைக் கூட்டி உதவித்தொகையை நிறுத்திவிட்டால் திட்டமே பாழ். வருமானச் சான்றில் இந்தக் கூலி சேராது என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். தாலுகா ஆபீசில் வாய்ச்சொல் செல்லாது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. காலியாகக் கிடக்கும் எழுத்தர், நூலகர் பணியிடங்களை நிரப்பாமல், அதுதான் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று இழுத்தடிக்க இது சாக்காகிவிடக் கூடாது. கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே எத்தனையோ ஆண்டாகக் காலம் தள்ளுகிற துறையிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் செய்வது கூடுதல் வேலையாக இருக்கட்டும். பேராசிரியர் வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போவதும், விழாவுக்கு நாற்காலி தூக்குவதும் இதில் வரக் கூடாது. யாருக்கு வேலை என்பதைத் துறைத் தலைவரின் செல்லப்பிள்ளைக் கணக்கில் விடாமல், பெயரையும் நேரத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று உச்சவரம்பு வேண்டும், தேர்வு நாட்களில் வேலை கூடாது. கூலி மாதா மாதம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து மொத்தமாக வருமென்றால் அவன் கேட்டரிங் ஏஜென்ட்டிடமே திரும்பிப் போவான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்லாக் கல்லூரியிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. சேர்க்கைக் காலத்தில் கல்லூரிகளில் உதவி மையம் போடுகிறோம். கணினி தெரியாத பெற்றோர்கள் சான்றிதழ் கட்டோடு வந்து நிற்பார்கள். அந்த மேசையில் உட்கார எங்கள் மாணவர்களை விடத் தோதான ஆள் கிடைக்க மாட்டார்கள், போன வருடங்களில் அதே வரிசையில் நின்றவர்கள்தானே. வருகிற சேர்க்கைக்கு மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியில் அங்கிருந்தே தொடங்கிப் பாருங்கள். ஆணையும் நிதி ஒதுக்கீடும் ஏப்ரலுக்குள் வந்துவிட்டால், பெயர்ப் பட்டியலைத் தயார் செய்ய எங்களுக்கு ஒரு வாரம் போதும்.

இப்படிக்கு,
ஒரு அரசுக் கல்லூரி ஆசிரியர்