முள்ளை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயின்ட், குரோம், சீட் தோல் என்று ஒவ்வொன்றுக்கும் பத்தி பத்தியாக எழுதியவர், டேஷ்போர்டு மீட்டர்களுக்கு வந்ததும், பழையது ஓடவில்லை என்றால் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். இதே நினைப்பில்தான் நானும் ஒரு முறை இன்ஜினைக் கொதிக்கவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் செய்தது இவ்வளவுதான். டெம்பரேச்சர் மீட்டரின் கண்ணாடி மங்கி முள்ளும் நடுங்கிக்கொண்டிருந்ததால், அதே அளவில் புதிய மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன், இன்ஜினில் இருந்து சூட்டை உணர்ந்து மீட்டருக்கு வயரில் சொல்லும் பழைய செண்டரைத் தொடவே இல்லை, வயர் இருக்கிறது, முள் அசைகிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். சில நாளில் பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பியது. அப்போதும் முள் 90-ஐத் தொடாமல் சாதுவாக நின்றது. அப்புறம் அந்தச் செண்டரைக் கழற்றி, அதன் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்தடை சுமார் 70 ஓம் காட்டியது. புதிய மீட்டரின் கணக்கில் 100 டிகிரி என்றால் 38 ஓம் அளவுக்கு வந்திருக்க வேண்டும், 70 ஓம் என்பது அதற்கு 80 டிகிரி. மீட்டர் பொய் சொல்லவில்லை, செண்டரும் பொய் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு பாஷை பேசின.

மீட்டருக்கு வெப்பமும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது, செண்டரின் மின்தடை ஒன்றுதான் தெரியும். அந்தத் தடைக்கு உலகப் பொது அளவு என்று எதுவும் கிடையாது. பெட்ரோல் மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூவர்ட் வார்னர் கம்பெனி வகையில் டேங்க் காலி என்றால் 240 ஓம், நிறைந்தால் 33. பழைய ஃபோர்டுகளில் 73-லிருந்து 10. விடிஓ கம்பெனி மீட்டரில் தலைகீழ், காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்கள் பலவற்றில் 0-விலிருந்து 90. விடிஓ மீட்டரை ஸ்டூவர்ட் வார்னர் ஃப்ளோட்டில், அதாவது டேங்குக்குள் மிதவையோடு இருக்கும் பெட்ரோல் செண்டரில், இணைத்தால், டேங்க் காலியாகக் காலியாக முள் மேலே ஏறும். முதல் தடவை பார்க்கிறவருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும்!

ஒரு ரெசிஸ்டர், அதாவது குறிப்பிட்ட மின்தடை உள்ள சின்னத் துண்டு, போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 240-33 ஃப்ளோட்டை 73-10 மீட்டருக்குப் பொருத்த, பக்கவாட்டில் 105 ஓம் ரெசிஸ்டரை இணைத்தால் காலிப் பக்கம் 73 ஓம், அழகாகப் பொருந்துகிறது. ஆனால் நிறைந்த பக்கம் 33-ம் 105-ம் சேர்ந்து 25 ஓம், மீட்டர் எதிர்பார்ப்பதோ 10. டேங்க் வாய் வரை நிரப்பினாலும் முள் உச்சிக்குப் போகாது. காலியாகும்போது சரியாகக் காட்டினால் எனக்குப் போதும் என்பவர் இதோடு வாழலாம், நடுரோட்டில் நிற்கமாட்டார். திசையே மாறியிருந்தால் ரெசிஸ்டரால் ஒன்றும் ஆகாது, ஃப்ளோட்டை மாற்ற வேண்டும் அல்லது இடையில் தடையை மாற்றித் தரும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், எடுத்த எடுப்பில் பழைய மீட்டரைச் சந்தேகித்துக் கழற்றவே கூடாது. அறுபதுகளின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உள்ள ஸ்மித்ஸ் மீட்டர்கள் சூடானால் வளையும் ஈருலோகப் பட்டையில் ஓடுபவை. அவற்றுக்கு பேட்டரியின் 12 வோல்ட் நேராகப் போகாது, டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி மாதிரி இருக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று விட்டுவிட்டுக் கொடுத்து சராசரியாக 10 வோல்ட் அனுப்பும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பெட்டியின் எர்த்தைத்தான். அங்கே துரு பிடித்து எர்த் போனால் முழு வோல்ட்டேஜும் மீட்டருக்கு ஏறிவிடும். இதை அறியாமல் நல்ல மீட்டர்களைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. ஸ்டெபிலைசர் போயிருந்தால் உள்ளே எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ளதை மாட்டலாம், வெளியே ஒன்றும் தெரியாது. மீட்டரின் முதுகில் கார்க் வைத்து அடைத்த இரண்டு சிறு துளைகள் இருக்கும், உள்ளே கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் தனித்தனித் திருப்பம் உண்டு. தெரிந்த தடைகளை வயரில் கொடுத்து, நிதானமாக இவற்றைத் திருப்பி முள்ளை நிறுத்தலாம். இந்த வகை முள் நிலைக்க அரை நிமிடம் போலப் பிடிக்கும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், நான் முதல் தடவை இருக்கவில்லை.

புதிய செண்டர் போடுகிறவர்கள் மரையையும் பார்க்கட்டும். எட்டில் ஒரு அங்குல என்பிடி என்ற அமெரிக்க மரைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று, அதே அளவின் பெயரில் வரும் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரைக்கு 28. முதல் இரண்டு சுற்று இரண்டுமே ஏறும், அப்புறம்தான் இன்ஜின் பிளாக்கில் மரை கெட்டுப்போகும். ஒற்றை வயர் செண்டருக்கு எர்த்தே மரை வழியாகத்தான், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது போல டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டு மீட்டர் வேலை செய்யவில்லை என்று புலம்பக் கூடாது.

இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் தனிக் கதை. பழையவற்றில் சில, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டைத் தங்கள் வழியே ஓடவிட்டு எண்ணுபவை. எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்ததும் பல நேரம் அவை படுத்துவிடும், டயலையும் முள்ளையும் வைத்துக்கொண்டு உள்ளே சர்க்யூட்டை மட்டும் மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. இன்னொன்று, டேஷ்போர்டு பல்புகளை எல்லாம் எல்இடி ஆக்கும் உற்சாகத்தில் சார்ஜ் விளக்கையும் மாற்றிவிடாதீர்கள். பல கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதே அந்தச் சின்ன பல்பின் இழை வழியாக வரும் கரண்டில்தான்.

அடுத்த முறை டேஷ்போர்டைப் பற்றி எழுதும்போது மேலே சொன்ன ஓம் கணக்கையாவது ஒரு கட்டம் போட்டு அச்சிடுங்கள். என் காரில் இப்போது பழைய மீட்டர்தான் திரும்ப வந்திருக்கிறது, அதற்கேற்ற செண்டரோடு. கண்ணாடியை மட்டும் புதிதாகப் போட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்