கையெழுத்துப் போடாதே, கொஞ்சம் பொறு

டர்பன்
15 ஜூன் 2025

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பா வீட்டில் உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நீயும் அம்மாவும் கையெழுத்துப் போடப்போவதாக எழுதியிருந்தாய், அதற்குக் கடைசியில் வருகிறேன். பரீட்சை முடிவு வரட்டும், அதோடு சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன். பாஸ் பண்ணிவிட்டேன்டி! போன தடவை கோட்டை விட்டதை உனக்குக்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஃபெயிலானால் வீட்டுக்காரர் ஆறுதல் சொல்வார், பிள்ளைகள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

‘என்னதான் பரீட்சை, வங்கித் தேர்வா?’ என்று கேட்டிருந்தாய். சி.எஃப்.பி. என்பார்கள், சான்று பெற்ற நிதித் திட்டமிடுபவர் என்று அர்த்தம். 1973-இல் அமெரிக்காவில் முதல் கூட்டம் தேறி வெளியே வந்தது, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. படிப்பு, பரீட்சை, அனுபவம், ஒழுக்கநெறி நான்கும் இருந்தால்தான் அந்த மூன்றெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடலாம். நம் திருச்சி பி.காம். இங்கே செல்லும் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் ஆனது. சாக்வா என்ற அரசு அமைப்பு மார்க் ஷீட்டைப் பார்த்து தென்னாப்பிரிக்கக் கணக்கில் இது எந்தப் படி என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தபால்வழி மேல்பட்டயம். அதற்குப் பிறகுதான் இந்தப் பரீட்சை.

எல்லாம் எதற்கு என்றால், எங்கள் அலுவலகத்தில் பணக்காரர்களுக்கென்று ‘பிரைவேட் வெல்த்’ என்று ஒரு மாடி உண்டு. கீழ்த்தளத்தில் வருகிறவர்களுக்குக் காகிதக் கப்பில் காபி, அந்த மாடியில் பீங்கான் கோப்பை. பதினைந்து வருடம் கீழேயே இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பினேன். அந்த மாடிக்குப் போக வேண்டுமென்றால் இந்தப் பட்டம் வேண்டும் என்றார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

2023-இல் படித்தேனே, அந்த வருடத்தை நினைத்தால் இன்னும் மெழுகுவர்த்தி வாசம் அடிக்கிறது. லோட் ஷெட்டிங். உங்கள் ஊர் மின்வெட்டு மாதிரி நினைத்த நேரத்தில் போகாது. அட்டவணை போட்டு, செல்போனில் சொல்லிவிட்டுப் போகும், அது ஒன்றுதான் மரியாதை. இரவு எட்டிலிருந்து பத்து வரை இருட்டு என்றால் குக்கரை ஏழரைக்குள் இறக்கிவிட்டு, பேட்டரி விளக்கடியில் எஸ்டேட் டியூட்டி கணக்குப் போடுவேன். ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போனதில் கழிவுகள் போக முதல் 35 லட்சம் ராண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 20 சதவீதம், 3 கோடியைத் தாண்டினால் 25 சதவீதம். மனைவிக்குப் போவதற்கு வரி கிடையாது, கணவர் பயன்படுத்தாமல் விட்ட 35 லட்சமும் பின்னால் மனைவி கணக்கில் சேரும். இப்படி ஒன்றை மனப்பாடம் செய்தால் அடுத்தது வந்து நிற்கும். ஓய்வூதிய நிதிப் பாடத்தை முடித்து மூச்சு விடுவதற்குள் 2024 செப்டம்பர் முதல் தேதி ‘இரண்டு பானை’த் திட்டம் வந்துவிட்டது. அன்றிலிருந்து கட்டுகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவசரத்துக்கு எடுக்கலாம், மீதி ஓய்வு பெறும்வரை தொடக்கூடாது. பாதி நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டேன்.

நான் தோற்றது கணக்கில் இல்லை. மாதிரித் தாள்களில் ஒரு குடும்பத்தின் கதையைப் பக்கம் பக்கமாகக் கொடுப்பார்கள். சொத்து, கடன், வியாபாரக் கூட்டாளி, முதல் தாரத்துப் பிள்ளை, படுத்த படுக்கையாக அம்மா. நான் வரியை எங்கே குறைக்கலாம் என்றே தேடிக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் கணவரின் ஓய்வூதிய நிதியில் நாமினியாக இரண்டாம் மனைவி பெயர் இருந்தது. ‘முழுத் தொகையும் அவளுக்கு’ என்று எழுதிவிட்டேன். இந்த ஊர்ச் சட்டத்தில் (1956 பென்ஷன் நிதிச் சட்டம், 37சி பிரிவு) நாமினி பெயர் ஒரு விருப்பம்தான். செத்தவரை நம்பி யார் யார் இருந்தார்கள் என்று நிதியின் அறங்காவலர்கள் விசாரித்து, அவர்கள்தான் பிரிக்க வேண்டும். முதல் தாரத்துப் பையனை நான் கண்டுகொள்ளவே இல்லை. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பில், ‘இந்தப் பிள்ளை எங்கே சாப்பிடுகிறான்?’ என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்வி எனக்குத் தூக்கத்தில்கூட வந்தது.

இன்னொரு வெட்கக்கேடு. ஊருக்கெல்லாம் உயில் பாடம் சொல்ல வந்த எனக்கே உயில் இல்லை. சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். எல்லாம் அவருக்கு, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். எதிரில் அவர்தானே தோசை தின்றுகொண்டிருந்தார், ‘போடுங்க ஒரு கையெழுத்து’ என்று வாங்கிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பாடத்தில் வருகிறது: சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பொதுவாக அந்த உயிலின்படி எதையும் பெற முடியாது, உயிலே இல்லாவிட்டால் அவருக்கு வந்திருக்கும் பங்குக்கு மேல் வேண்டுமென்றால் நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும். வாசித்துக் காட்டினேன். ‘இருபத்து மூணு வருஷ குடும்பத்துக்கு ஒரு தோசையில முடிவு கட்டிட்டியே’ என்றார். பிறகு பக்கத்து வீட்டு ஜூலுக்காரப் பாட்டியும் எதிர்வீட்டு ஆசிரியரும் வந்து சாட்சி போட்டார்கள். பாட்டிக்கு அன்றைக்குச் சாம்பார் சாதம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் இங்கே என்னிடம் வந்த ஒரு ஆயாவின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர், அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன், எங்கள் தொழில் கட்டுப்பாடு அப்படி. சொல்லலாமா என்று கேட்டேன். ‘இந்தியாவுல இருக்கிற உன் சிநேகிதிக்குத்தானே, சொல்லு பேத்தி’ என்றார் ஆயா.

சாட்ஸ்வொர்த் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? நிறவெறிக் காலத்தில் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம் ஆட்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த ஊர். 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புக்காட்டுக்கு வந்தவர்களின் வாரிசுகள் இங்கே நிறைய. முதலி ‘மூட்லி’ ஆகி, கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகி, தமிழ் பலருக்கு வாயிலிருந்து போய்விட்டது. ஆனால் ஆடி வந்தால் கூழ் ஊற்றாத தெரு இல்லை. ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது. 1968-இல் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம், பதிவு கிடையாது. அந்தக் காலத்தில் இங்கே அப்படித்தான் பலருக்கும். நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருந்து, பிறகு தவணையில் வாங்கினார்கள், தாத்தா பெயரில். தாத்தா போன வருடம் போய்விட்டார். உயில் இல்லை.

கல்யாணம் பதிவாகாததால் ஆயா ‘மனைவி’யே இல்லை என்று சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. நல்லவேளை, இந்து முறைப்படி மணந்த ஒற்றை மனைவியும் வாரிசுச் சட்டத்தில் மனைவிதான் என்று டர்பன் உயர்நீதிமன்றம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. அதனால் அந்த வாசல் திறந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி. உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு 2,50,000 ராண்ட், அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, எது அதிகமோ அது. செலவெல்லாம் போக வீடு 9,00,000 என்று வை. ஐந்து பிள்ளைகள். ஆறாகப் பிரித்தால் தலைக்கு 1,50,000. ஆகவே ஆயாவுக்கு 2,50,000, மீதியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,30,000. ஐம்பது வருடத்துக்கு மேல் கோலம் போட்ட வாசலில் அவருக்குக் கால் பங்குக்குச் சற்று மேல்தான். வீட்டை விற்றால்தான் கணக்குத் தீரும் என்று பெரியவன் சொல்கிறான். அவனும் கெட்டவன் இல்லை, கடனில் இருக்கிறான்.

மாடிக்கு வரும் பணக்காரர்களுக்கு நாங்கள் அறக்கட்டளை, பங்கு, வெளிநாட்டு முதலீடு என்று பக்கம் பக்கமாகத் திட்டம் போடுவோம். ஆயாவின் கோப்பு ஒரு மஞ்சள் உறை, அவ்வளவுதான். ஆனால் மாதிரித் தாளில் நான் தவறவிட்ட அதே கேள்வி அதற்குள் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும், ‘உங்களுக்கு எவ்வளவு வேண்டும்’ என்று கேட்பதற்கு முன், ‘அம்மா எங்கே இருப்பார்?’ என்று கேட்டேன். ஐந்து பேருமே ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினார்கள். அப்புறம் ஒரு வக்கீலை வைத்து மறுபகிர்வு ஒப்பந்தம் எழுதினோம்: வீடு பிள்ளைகள் பெயருக்கு, ஆயா இருக்கும்வரை அனுபோகம் அவருக்கு. உன் தாத்தா பத்திரத்தில் ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு’ என்று வருமே, வாய்விட்டு வாசித்துச் சிரிப்போமே, அதேதான். நான்கு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பெர்த்தில் இருக்கும் சின்னவன் இன்னும் போடவில்லை. வருகிற சனிக்கிழமை அவனிடம் பேச வேண்டும்.

இப்போது உன் அண்ணன் கேட்கும் விடுதலைப் பத்திரம். எனக்கு இந்தியச் சட்டத்தில் எந்தப் பட்டமும் இல்லை, அதனால் நான் சொல்வதை வைத்து எதுவும் செய்யாதே, வக்கீலிடம் போ. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. ‘நானும் அம்மாவும் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதியிருக்கிறாய். வீடு அப்பா சொந்தமாக வாங்கியது, உயில் இல்லை என்றால், எனக்குத் தெரிந்தவரை அம்மா, அண்ணன், நீ மூவருக்கும் சம பங்கு. உன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடு, அது உன் மனசு. எழுதினாயே, சீர் செய்தான், படிக்க வைத்தான், எல்லாம் சரி. ஆனால் அம்மாவும் ஏன் போட வேண்டும்? எழுபத்து மூன்று வயதில் தனக்கு இருக்கும் ஒரே கூரையை? ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிந்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை. அண்ணன் பார்த்துக்கொள்வான். அண்ணி? அண்ணனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? கோபித்துக்கொள்ளாதே, இப்படிக் கேட்பதற்குத்தான் இங்கே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பத்திர நகலைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். அம்மாவிடம் தனியாக, அண்ணன் இல்லாத நேரத்தில், ஒரு தடவை கேள். பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது கேட்டால்தான் அவர் வாயிலிருந்து உண்மை வரும், உனக்குத் தெரியாததா.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பெரியவள் கேப் டவுனில் சேர்ந்துவிட்டாள், சின்னவன் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறான். அலுவலகத்தில் அடுத்த மாதம் என்னை மாடிக்கு மாற்றுகிறார்கள். ஆயா வந்தால் பீங்கான் கோப்பையில்தான் காபி கொடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

வரும் பதினெட்டாம் தேதி கையெழுத்து என்று எழுதியிருந்தாய். அதற்குள் இது உன் கைக்கு வராது, அதனால் இன்றிரவே போன் செய்கிறேன். எடு.

உன்
கமலா