பிளேன்ரீயை வீட்டில் குடிப்போம்: டிஸ்க் கோல்ஃப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் சனிக்கிழமைகளில் டிஸ்க் கோல்ஃபுக்கு, அதாவது பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டைக் கூடையைக் குறிவைத்து எறிகிற ஆட்டத்துக்கு, வருகிற அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கையர் எல்லோருக்கும்,

2021 ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலை 4 மணிக்குக் கொரோனா ஊரடங்கு நீங்கியது. விடிவதற்குள் என் போனுக்கு முதல் மெசேஜ்: "எப்ப விளையாடப் போறம்?" எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆறு வாரமாக வெள்ளவத்தை மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கியைக் குறிவைத்து எறிந்துகொண்டிருந்தவள் நான். விளையாடுவோம். ஆனால் போன வருடம் போல் வேண்டாம்.

2020 ஒக்டோபரை நினைத்துப் பாருங்கள். மினுவாங்கொடைத் தொற்றுக் கொத்தணி வந்துவிட்டது, பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவிய செய்தி இன்னும் வரவில்லை. இடையில் ஒரு சனிக்கிழமை. பிளாஸ்டிக்கில் கிருமி மூன்று நாள் வரை தங்கும் என்று ஆய்வுகூடத்தில் கண்டதைப் படித்திருந்தோம். அதனால் ஒவ்வொரு எறிக்குப் பிறகும் டிஸ்க்குக்குச் சானிடைசர் அடித்துத் துடைத்தோம். ஆட்டம் முடிந்ததும் ஒன்பது பேர் ஒரே சிமெந்துக் கட்டின் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, ஒரே பெட்டி ரோல்ஸ் சாப்பிட்டோம். ஒரு பிளாஸ்க் பிளேன்ரீ (பாலில்லாத் தேநீர்), இரண்டே கப். முக்கால் மணித்தியாலம் சிரித்துக் கதைத்தோம்.

ஐந்தாம் நாள் எங்களில் ஒருவனுக்குப் பொசிட்டிவ். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எங்கள் கதவில் அறிவித்தல் ஒட்டினார், 14 நாள் தனிமைப்படுத்தல். அம்மம்மாவின் அறை வாசலில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு விறாந்தையில் தள்ளி நிற்பேன். உள்ளே ஒரு இருமல் கேட்டால், அடுத்த இருமல் வருகிறதா என்று அப்படியே நின்றுவிடுவேன். அம்மம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. பொசிட்டிவ் வந்த நண்பனின் அப்பா பதினொரு நாள் ஒட்சிசனோடு கிடந்தார். வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் இன்றும் மூன்றாம் மாடிக்கு ஒரே மூச்சில் ஏற முடியவில்லை.

இந்த ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றிலும் குறைவு என்று சொன்னது. காற்றில்தான் கவனம் வேண்டும். கையைக் கழுவுங்கள், டிஸ்க்கைத் துடையுங்கள், நல்லதுதான். ஆனால் எங்களைப் பிடித்தது டிஸ்க் அல்ல, அந்தக் கட்டுதான்.

விளையாட்டில் பிழை இல்லை. அமெரிக்காவில் 2020இல் டிஸ்க் கோல்ஃப் ஆடியவர்கள், எட் ஹெட்ரிக் கண்டுபிடித்த அந்தச் சங்கிலிக் கூடையைக் கை தொடாமல் இருக்க, உள்ளே நுரைப்பஞ்சுக் குழாய் வைத்தார்கள். எங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. ரிப்பன் கட்டிய மரம்தான் கூடை. ஆளுக்கொரு டிஸ்க், யாரும் யாரையும் தொடுவதில்லை. ஒரே ஒரு சிக்கல்: எறிபவருக்கு முன்னால் நிற்கக்கூடாது என்பதால் மற்ற எல்லோரும் பின்னால் கொத்தாய்ச் சேர்ந்துவிடுகிறோம். இனி நாலு நாலு பேராகப் போவோம், பின்னால் அகலமாய்ப் பரந்து நிற்போம். இப்போது, 2021இல், ஒரு மீற்றர் என்பது சட்டம். பூங்காவில் இடமா இல்லை? மூன்று மீற்றர் விடுங்கள்.

நடக்க வருகிற வயதானவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓகஸ்டில் மூடுவதற்கு முந்திய ஆட்டத்தில் ஒரு டிஸ்க் காற்றில் விலகி ஒரு அங்கிளின் காலடியில் விழுந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக் குனிந்து எடுத்து, மாஸ்க்கை இறக்கி, "இந்தாங்கோ தம்பி" என்று நீட்டினார். எங்கள் தம்பி ஓடிய இளைப்போடு அவர் முகத்துக்கு நேரே போய் வாங்கினான். இரண்டு பேருமே நல்ல மனதோடுதான் செய்தார்கள். இனித் தூரத்திலேயே சொல்லுங்கள்: "வையுங்கோ அங்கிள், நான் எடுக்கிறன்." நடைபாதையை ஒட்டிய மரங்களைக் குறியாக வைக்கவே வேண்டாம்.

"ரெண்டு ஊசியும் போட்டாச்சுதானே மச்சான்" என்பவர்களுக்கு: ஊசி உங்களை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பெரும்பாலும் காக்கும். டெல்டா வகைக் கிருமி உங்களிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் மனதில் கிடப்பது. போன வருடம் பொசிட்டிவ் வந்த அந்த நண்பன் எங்களுக்குச் சொல்ல இரண்டு நாள் பிந்தினான். கதவில் நோட்டிஸ் வந்தால் அயலவர் என்ன சொல்வார்கள், நாங்கள் ஏசுவோமோ என்ற பயம். சொன்ன பிறகு எங்களில் சிலர் ஏசினோம்தான். நானும் ஏசினேன். அதற்கு இங்கே எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் வராதீர்கள், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டோம். பொசிட்டிவ் என்றால் அந்த நிமிடமே சொல்லுங்கள், சாப்பாடு வாசலுக்கு வரும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் ரிப்பனோடு நிற்பேன். உங்கள் டிஸ்க், உங்கள் தண்ணீர்ப் போத்தல், மூக்கை மூடிய மாஸ்க். எட்டு மணிக்கு அவரவர் வீட்டுக்கு, பிளேன்ரீ அங்கே.

வெள்ளவத்தையிலிருந்து,
உங்களோடு எறிகிற ஒருத்தி