நீ இல்லாத ராத்திரிக்கு

அன்பு நண்பா,

தோத்திரம். உன் நீண்ட கடிதமும் அதோடு வந்த சாமான் பட்டியலும் கிடைத்தன. மிஷன் ஆஸ்பத்திரிக்கு டாக்டராக இரண்டு வருஷம் போவதென்று ஒருவழியாக முடிவெடுத்துவிட்டாய். சந்தோஷம். ஆனால் சபையார் கன்டெய்னரில் ஏற்றப்போவதாகச் சொல்லும் பட்டியலைப் படித்ததும் அந்தச் சந்தோஷத்தில் பாதி வடிந்துவிட்டது. கோபப்படாதே.

ஒவ்வொரு உருப்படிக்கு எதிரேயும் மூன்று கேள்வி எழுதிப் பார். பழுதானால் அதைத் திறக்கத் தெரிந்தவர் யார்? உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? நீ இல்லாத ராத்திரியில் அதை ஓட்டப்போவது யார்? ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓடாமல் கிடக்கின்றன என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. முடக்குவது பல சமயம் சின்ன விஷயம்தான்: ஃபியூஸ் போயிருக்கும், ஒயர் தொலைந்திருக்கும், 110 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகியிருப்பார்கள். மருந்துப் பெட்டிகளுக்கும் இதே கேள்விகளைக் கேள். உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நன்கொடை மருந்துக்கு நெறிமுறை போட்டுவிட்டது. போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது மிச்சம் இருக்க வேண்டும், லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். டாக்டர்களுக்கு வந்த இலவச மாதிரி மாத்திரைகளை மூட்டை கட்டி அனுப்பினால், பிரித்து எரிக்கும் வேலையைத்தான் அவர்களுக்கு அனுப்புகிறாய்.

உன் பட்டியலில் நான் அடிக்காமல் விட்டது, காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஒன்றைத்தான். நிமோனியாவோடு வரும் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதுவரை குழந்தையைத் தாங்குவது ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 5 லிட்டர் கொடுக்கும் மெஷின் ஒன்றை, ஓட்டத்தைப் பல குழாய்களாகப் பிரிக்கும் ஃப்ளோ ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரித்தால் நான்கைந்து கைக்குழந்தைகளுக்கு ஓட்டலாம். கைக்குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியாக நிமிஷத்துக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் போதும்.

இந்த மெஷின் ஆளை ஏமாற்றும். உள்ளே இருக்கும் ஜியோலைட் குருணை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் விடும். ஈரக்காற்று படிந்துபோனால் ஜியோலைட்டால் நைட்ரஜனைப் பிடிக்க முடியாது. அப்போதும் ஃப்ளோ மீட்டரில் குண்டு 5-இல்தான் மிதக்கும். அது அளப்பது காற்றின் ஓட்டத்தை, அதில் எவ்வளவு ஆக்சிஜன் என்பதை அல்ல. மெஷின் ஓடுகிறது, குழாயில் காற்று வருகிறது, குழந்தை நீலமாகிறது. ஆகவே கையடக்க ஆக்சிஜன் அனலைசர் ஒன்று கட்டாயம் வாங்கு. 82 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மெஷினை வார்டிலிருந்து வெளியே எடுத்துவிடு. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று மாதக்கணக்கில் ஸ்டோரில் பூட்டி வைப்பதுதான் இதற்கு எமன். சும்மா கிடக்கும் மெஷினையும் அவ்வப்போது சில மணி நேரம் ஓட விட வேண்டும். வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். மெஷின் சரியாக இருந்தும் ஆக்சிஜன் ஏறவில்லையென்றால் ஈரப்பத பாட்டிலின் மூடியைப் பார். மரை சரியாக உட்காராமல் காற்று அங்கேயே கசிந்திருக்கும். குழாய் முனையைத் தம்ளர் தண்ணீரில் அமிழ்த்து. குமிழி வராவிட்டால் கசிவு நடுவழியில்.

கரண்ட் கணக்கையும் சபையாருக்குப் போட்டுக் காட்டு. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 2.4 யூனிட். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கைக்குக் கிடைப்பது 1.2 யூனிட். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் மூன்று மணி நேரம். ராத்திரியோ பன்னிரண்டு மணி நேரம். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டர் நிற்க வேண்டும். அதைத் திறக்கும் ஸ்பானர் சிலிண்டரோடு சங்கிலியில் தொங்க வேண்டும், யார் மேஜை டிராயரிலும் அல்ல. ஒன்று மறக்காதே: குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 95 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அளவு மீறினால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும்.

அடுத்து, நீ படித்ததை மறக்க வேண்டிய ஓர் இடம். எலும்பும் தோலுமாக, பாதம் வீங்கி வரும் குழந்தை துவண்டு கிடக்கும், கண் குழிந்திருக்கும். உன் கை தானாக ட்ரிப்பைத் தேடும். நிறுத்திக்கொள். பட்டினியில் இருதயமும் இளைத்திருக்கிறது, உடம்பில் உப்பு ஏற்கெனவே கூடுதல். சரசரவென்று சலைன் ஏற்றினால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்துவிடும். பேதி இருந்தால், ஷாக் (ரத்த ஓட்டம் குன்றிய அபாய நிலை) இல்லாதவரை, வாய்வழியாக ரெசோமால், அதாவது பட்டினிக் குழந்தைக்கென்றே உப்பைக் குறைத்துச் செய்த உப்பு-சர்க்கரைக் கரைசல். கிலோவுக்கு 5 மில்லி, அரை மணிக்கு ஒருமுறை, முதல் இரண்டு மணி நேரம். மூச்சும் நாடியும் வேகமெடுத்தால் அதையும் நிறுத்து. பட்டினிக் குழந்தைகள் மட்டும் என்றும் நினைக்காதே. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட காய்ச்சல் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ரத்த ஓட்டம் குன்றி வந்தவர்களுக்கு மளமளவென்று ட்ரிப் ஏற்றிய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், ஏற்றாத பிரிவில் 7.3. பெரிய ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் செய்வதை அங்கே செய்யாதே.

அந்தப் பட்டினிக் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் குளிரும் சர்க்கரைக் குறைவும்தான், அதுவும் விடியற்காலையில். எஃப்-75 என்ற முதற்கட்டச் சிகிச்சைப் பாலை இரண்டு மணிக்கொரு தரம், ராத்திரியும் சேர்த்து, ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 130 மில்லி. வீக்கம் அதிகமென்றால் 100. இரவு நர்ஸ் ஒருத்தி நாற்பது படுக்கையைப் பார்க்கிறாளென்றால் இரண்டு மணிப் பாலும் நாலு மணிப் பாலும் சார்ட்டில் மட்டும் ஓடும். திட்டிப் பயனில்லை. தாய்மாருக்குச் சொல்லிக்கொடு, மணி அடிக்க ஓர் ஆளை வை. குளுக்கோஸ் தீர்ந்துபோனால் குவித்த ஒரு டீஸ்பூன் சர்க்கரையை மூன்றரை டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரை, 50 மில்லி 10 சதவீதக் கரைசல் தயார். குழந்தையைத் தாயின் மார்போடு ஒட்டிப் போர்த்தி வைப்பதைவிட நல்ல ஹீட்டர் கிடையாது. இரும்புச்சத்து டானிக் முதல் வாரத்தில் வேண்டாம், தொற்று கிளம்பும்.

பிரசவ அறையில் முதலில் குளிர்பெட்டியைத் திற. கர்ப்பப்பையை இறுகவைத்து உதிரத்தை நிறுத்தும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. ஜன்னல் ஓரத் தட்டில் வைத்த ஆம்பூலின் லேபிள் புதுசாகவே இருக்கும், உள்ளே மருந்தின் வீரியம் போயிருக்கும். ‘பத்து யூனிட் போட்டேன், கர்ப்பப்பை இறுகவில்லை’ என்று நர்ஸ் சொன்னால் அவளைச் சந்தேகிக்கும் முன் தெர்மாமீட்டரைச் சந்தேகி. உதிரம் நிற்காவிட்டால் டிரானெக்சாமிக் ஆசிட் ஒரு கிராம் நரம்பில், மெதுவாகப் பத்து நிமிஷத்தில். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். 2017-இல் வெளிவந்த 20,000 பெண்களின் ஆய்வு காட்டியது அதுதான்.

கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். தப்பு நடப்பது மருந்தில் அல்ல, கலப்பதில். 50 சதவீத ஆம்பூலை அப்படியே நரம்பில் ஏற்றக் கூடாது. 8 மில்லி எடு, அதில் 4 கிராம் இருக்கும். 12 மில்லி சலைன் சேர்த்து 20 மில்லி ஆக்கி மெதுவாகக் கொடு. பிறகு பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம், ஆழமாக. நாலு மணிக்கு ஒருமுறை அடுத்த 5 கிராமுக்கு முன் மூன்று பார்: முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்கிறதா. ஒன்று தப்பினாலும் ஊசி வேண்டாம். அதன் முறிமருந்தான கால்சியம் குளுகோனேட் 10 மில்லியை சிரிஞ்சோடு சேர்த்து அதே ட்ரேயில் டேப் போட்டு ஒட்டி வை. இந்தக் கணக்கை அவர்கள் மொழியில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டு.

நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பற்றி ஒரு வரி: துணி மூட்டை ஈரமாக வெளியே வந்தால் அது சுத்தமில்லை, சூடு பட்டதைக் காட்டும் டேப் கறுத்திருந்தாலும் சரி. ஈரத் துணி வெளிக்கிருமியை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

மொழி. முதல் ஆறு மாதம் பாதி நாளை மொழிக்குக் கொடு என்றால் வீண் என்று நினைப்பாய். நம் மொழியிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். ஊருக்குத் திரும்பிப் போன டாக்டரின் வேலையைத் தொடர அங்கே டாக்டர்கள் இருந்தார்கள். நீ ஒரு நாளில் இருபது ஆபரேஷன் செய்வதை அறிக்கையில் எழுதுவார்கள். இரண்டு நர்ஸ்களுக்குச் சிசேரியனில் மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொடுத்தால் அதற்குப் படம்கூடப் போடமாட்டார்கள். இரண்டாவதைச் செய்.

ஜெபம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கையில் ஊசி வைத்திருப்பவன் ‘ஜெபிக்கலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் ஏழைக்கு வராது. ஆகவே சிகிச்சை முதலில், நிபந்தனை இல்லாமல். கேள்வி பிறகு, கூடியமட்டும் அந்த ஊர் போதகர் வாயால். ‘வேண்டாம்’ என்றவருக்கு அடுத்த வேளை மருந்து அதே நேரத்தில், அதே முகத்தோடு. வார்டில் ஒலிபெருக்கிப் பிரசங்கம் எனக்கு உடன்பாடில்லை. சீனியர்கள் சிலர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

உன் உடம்புக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று 2016-லிருந்து ஆயுளுக்கும் செல்லும். ஹெப்படைட்டிஸ் பி மூன்று டோஸும் முடித்து ஆன்டிபாடி அளவையும் பார்த்துவிடு. எச்ஐவி உள்ளவரின் ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கி 28 நாள் தின்ன வேண்டும். முதல் ஒரு வாரத்துக்கானது உன் சொந்தப் பையிலேயே இருக்கட்டும். ரீசார்ஜ் ஹெட்லைட் இரண்டு கொண்டு போ, ஆபரேஷன் நடுவில் கரண்ட் போவது அங்கே செய்தியே இல்லை.

கன்டெய்னர் வேண்டாமென்று சபையாரிடம் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால் என் பெயரைப் போட்டே எழுது. அந்தப் பணத்தில் கான்சென்ட்ரேட்டர் இரண்டு, அனலைசர் ஒன்று, ஸ்டெபிலைசர், இரண்டு வருஷத்துக்கு வேண்டிய ஃபில்டர். மிச்சத்தில் அந்த ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனை இதற்கான பயிற்சிக்கு அனுப்பச் சொல். புதுப் பட்டியல் எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அங்கே கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறது, எத்தனை வோல்ட் என்று கேட்டு அதன் தலைப்பில் எழுதியிரு.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழன்