கேமரா நம்ம ஊர் வேலைகளையும் பார்க்கட்டும்

சேலம் மாவட்ட அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நமக்கு உதவுபவர்களைப் பற்றிய பாடத்துக்கு வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் ஒரு விளையாட்டு வைத்தார்களாம். டாக்டர், போலீஸ், தபால்காரர், விமானி என்று பொம்மைகள் வரும். அவரவர் கருவியை விரலால் இழுத்து அவரவரிடம் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு நம்ம ஊர் வேலைகளையும் சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்குள் ஆறு வயதுப் பிள்ளைகளை அழைத்து வர முடியாது. உருக்கும் அடுப்பு இருக்கிறது, ஆசிட் இருக்கிறது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் டேப்லெட் உள்ளே வரலாம். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது, வளையம் வளையமாகக் கோத்துப் பற்றவைப்பது, பாலீஷ் போடுவது எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் படம் எடுங்கள். வகுப்பில் வரிசையைக் கலைத்துப் போட்டு, எது முதலில், எது அடுத்து என்று பிள்ளைகளை அடுக்கச் சொல்லுங்கள். பட்டறையைப் பெருக்கிய தூசியை நாங்கள் குப்பையில் கொட்டுவதில்லை. ஏன் என்று கேளுங்கள். அதில் வெள்ளித்துகள் கலந்திருக்கிறது, பிரித்தெடுப்போம் என்று சொல்வதற்கு முன்னால் அவர்களே என்னென்னவோ சொல்லிப் பார்க்கட்டும்.

ஏற்காட்டுப் பள்ளியோடு ஒரு நாள் வீடியோ காலில் பேச வையுங்கள். காப்பிப் பழத்தில் சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிப்பதையும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறுவதையும் அந்தப் பிள்ளைகள் காட்டட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் ஓட்டுகிற டிரைவரின் குரலைப் பதிவு செய்து போடுங்கள். இளம்பிள்ளைத் தறிச் சத்தத்தையும் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைச் சத்தத்தையும் கேட்டு, இது எந்த வேலை என்று கண்டுபிடிக்கட்டும். கேள்வியை மட்டும் பிள்ளைகளே கேட்க வேண்டும், நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. படம் எடுக்கும் முன் அந்தத் தொழிலாளியிடம் அனுமதி கேட்பதையும் அவர்களே செய்யட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த நிழல் இந்தப் பாடத்தில் துளியும் விழக் கூடாது. "உங்க அப்பா என்ன வேலை?" என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியில் சாதி வெளியே வந்துவிடும், சில பிள்ளைகள் தலை குனிந்துவிடும். கொலுசு வேலையைக் காப்பித் தோட்டத்துப் பிள்ளை பார்க்கட்டும். என் மகள் ஸ்டீல் பிளான்ட் இன்ஜினியரைப் பார்க்கட்டும். தூய்மைப் பணியாளரைக் காட்டும்போது அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், கையுறை எதற்கு என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

மாதம் ஒரு பாடவேளை போதும். தலைமையாசிரியர்கள் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு வருவதென்றால் காலையிலேயே வாருங்கள், உருக்குவதை அப்போதுதான் எடுக்க முடியும்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்