பழைய காரில் எதை மாற்றலாம்? ஒரு தாள் ஒட்டி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டும் இளைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் எல்லாம் பிரமாதம். ஆனால் அதில் இருந்த மஞ்சள் மாருதி 800-ன் சக்கரங்களைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே மாதிரி நான்கு சக்கரங்கள் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. அவை அங்கே போன கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடைசியில் போக்குவரத்துத் துறையிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

எங்களுடையது 2004-ம் வருட வெள்ளை 800. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். முட்டி வலி வந்த பிறகு சாவி என் கைக்கு வந்தது. நான் கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். பானெட்டைத் திறந்தால் தண்ணீர் எங்கே ஊற்றுவது என்பது மட்டும்தான் அப்போது தெரியும். போனஸில் 30,000 ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு, வண்டியைக் கொஞ்சம் அழகாக்கலாம் என்று கிளம்பினேன்.

வேறு ஊரில் ஒரு அக்சசரீஸ் கடைக்குப் போனோம். கடைப் பையன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, வீல மாத்துனாலே வண்டி பாதி மாறிடும்” என்றான். பழைய 12 அங்குல இரும்பு ரிம்முக்குப் பதில் 13 அங்குல அலாய் (கலப்பு உலோக) ரிம், பாதி தேய்ந்த அகல டயரோடு 13,500 ரூபாய். முன்லைட்டுக்கு எல்.ஈ.டி. பல்பு 1,800. ஸ்டியரிங் கவர், கியர் குமிழ் என்று இன்னொரு 700. ஒரே மத்தியானத்தில் 16,000 காலி. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றிய இரும்பு ரிம்களைக் கடையில் விட்டுவிடச் சொன்னதற்கு மட்டும் மறுத்துவிட்டார். இரண்டை டிக்கியிலும் இரண்டைப் பின் சீட்டிலும் திணித்துக்கொண்டு, ஊர் வரும் வரை ஒரு ரிம்மைக் கையால் பிடித்தபடி வந்தார்.

வண்டி பாதி மாறியது உண்மைதான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. முன்பு ஒரு கையால் வளைத்த இடத்தில் இப்போது இரண்டு கையும் தோளும் வேண்டியிருந்தது. தாந்தோணிமலையில் எங்கள் தெருவுக்குள் முழுசாக ஒடித்துத் திருப்பினால் ‘கர்ர்ர்’ என்று டயர் உள்பக்கம் தேய்க்கும். கணக்கு எழுதுகிறவள் இல்லையா, ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பழைய 145/70 ஆர் 12 டயரின் உயரம் சுமார் 508 மில்லிமீட்டர். புதிய 165/65 ஆர் 13 டயருக்கு 545. நூற்றுக்கு ஏழு அதிகம். அதாவது மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. 37 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் பெரிய சக்கரத்தை இழுக்கத் திணறுவதும் சும்மா இல்லை. கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முன்லைட் கதை இன்னும் மோசம். எல்.ஈ.டி. போட்டதும் எதிர்ச் சுவர் பளபளவென்று வெள்ளையாகத் தெரிந்தது. ரோட்டில்தான் ஒன்றும் தெரியவில்லை. பழைய முன்லைட்டின் கிண்ணம் ஹாலஜன் பல்பின் இழை எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்துக்காக வார்க்கப்பட்டது. எல்.ஈ.டி.யின் ஒளி அந்தப் புள்ளியிலிருந்து வருவதில்லை, கண்டபடி சிதறுகிறது. நம் ரோட்டுக்கு வர வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகிறது. குளித்தலை ரோட்டில் ஒரு பஸ் டிரைவர் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார். கடக்கும்போது ஜன்னலில் தலையை நீட்டித் திட்டினார். என்ன திட்டினார் என்பதை உங்கள் பத்திரிகையில் போட முடியாது. அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “எங்க டிரைவரும் இப்படித்தான் திட்டுவாரு. நியாயமாத்தான் திட்டுவாரு” என்றார்.

2024-ல் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. முதல் 15 வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துப் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார். ஒடிக்கச் சொன்னார். கர்ர்ர். லைட்டைப் போடச் சொன்னார். கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, “கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படிக் கொண்டு வாங்கம்மா” என்றார். கோபப்படவில்லை, அபராதமும் எழுதவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பா காப்பாற்றி வைத்த இரும்பு ரிம்கள் மட்டும் இல்லையென்றால் இன்னொரு பத்தாயிரம் போயிருக்கும்.

மீதி இருந்தது 14,000. அதில் செய்தவைதான் இன்றைக்கும் வண்டியில் இருக்கின்றன.

பஸ் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் எங்களுடையது. அங்கே வயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். பழையபடி ஹாலஜனே போடுங்கள், ஆனால் மங்கலாக எரிகிறது என்றேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வைத்துக் காட்டினார்: 13.9 வோல்ட். அப்புறம் முன்லைட் பின்னால் இருக்கும் சாக்கெட்டில் வைத்தார்: 11.8. “மீதி ரெண்டு வோல்ட்டு எங்க போச்சுன்னு சொல்லு பார்க்கலாம்” என்று வாத்தியார் மாதிரிக் கேட்டார். விஷயம் இதுதான். முன்லைட் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் வேண்டும். அவ்வளவும் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சின்னச் சுவிட்சு வழியாக, இருபது வருடப் பழைய மெல்லிய வயரில் சுற்றி வருகிறது. வழியிலேயே தேய்ந்துபோகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலே (சின்ன மின்சாரத்தில் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சு) போட்டார். இப்போது சுவிட்சு ரிலேயை மட்டும்தான் தட்டி எழுப்புகிறது. துருப்பிடித்த எர்த் போல்ட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். மறுபடி மீட்டர் வைத்தால் 13.5. வேலைக்கும் சாமானுக்கும் 1,100. கம்பெனி அளவான 60/55 வாட் ஹாலஜன் ஒரு ஜோடி 500. 1,600 ரூபாயில் குளித்தலை ரோட்டின் ஓரக் கல்லெல்லாம் தெரிந்தது. எதிரே வந்த பஸ்காரரும் பேசாமல் போனார்.

பிரேக் வேலை 2,800. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நிற்கிறது.

சீட் கழற்றிய நாள் சுவாரசியம். அடியில் இரண்டு 50 பைசா, என் பள்ளிக்கூடத்து ரிப்பன் கிளிப், அப்பாவின் தொலைந்துபோன பேனா. மேட்டைத் தூக்கினால் டிரைவர் பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், கீழே தரை தெரிந்தது. அழகான ஸ்டியரிங் கவர் போட்டு, ஓட்டைத் தரையில் கால் வைத்து ஓட்டியிருக்கிறேன்! கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். அவை மண் அடைத்துக்கொண்டதால்தான் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கியிருக்கிறது என்றார் தகடு வேலை பார்க்கும் டிங்கர். தகடு வைத்து வெல்டிங் அடித்தது 2,500. துளைகளை இப்போது மாதம் ஒருமுறை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் நானே குத்திவிடுகிறேன். செலவில்லாத வேலை.

சீட்டை பஸ் சீட் தைக்கும் ஒருவரிடமே கொடுத்தேன். எங்கள் கம்பெனியில் மிஞ்சிய நீலக் கோடு போட்ட கெட்டித் துணி கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மொத்தமா போட்டா ரெண்டு வெயிலுக்கு வெளுத்துரும்” என்று சொல்லி, உட்காரும் இடத்துக்கு மட்டும் துணி, ஓரமெல்லாம் ரெக்சின் என்று முடிவு செய்தார். அமுங்கிப்போன பஞ்சையும் மாற்றி 4,800. இரும்பு ரிம்களை நானே தேய்த்து சில்வர் அடித்தேன். பெயின்ட் 600. ஒன்றில் வழிந்திருக்கிறது, சுவர்ப் பக்கமாக நிறுத்தினால் தெரியாது. மொத்தம் 12,300. இரண்டாம் முறை காட்டியபோது வண்டி தேறிவிட்டது.

இந்த 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனால் இதே 796 சிசி எஞ்சின் ஆம்னியிலும் இருந்ததால் எஞ்சின் சாமானுக்குக் கஷ்டமில்லை. பழைய கார் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை வரை போகாமலே இங்கேயே முக்கால்வாசி கிடைத்துவிடுகிறது. கையில் குறைந்த காசோடு முதல் கார் வாங்குகிற பிள்ளைகள் இதைத்தான் வாங்குகிறார்கள். முதல் மாதமே நான் போன மாதிரிக் கடைக்குத்தான் போகிறார்கள்.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். வண்டி தேறிய பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். முன்னாலேயே செய்திருக்க வேண்டும், என் தப்புதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். பம்பருக்கு முன்னால் வைக்கும் இரும்புக் கம்பிக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. ஜன்னல் ஃபிலிமை 2012-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் பிறகு விதி மாறிவிட்டது, வெளிச்சம் புகும் அளவு விதிக்குள் இருந்தால் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கரூரில் இருக்கிற நான் எதை எடுத்துக்கொள்வது? நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், கேஸ் கிட் போட்டாலும் ஏற்ற வேண்டும், சரி. நான் போட்ட ரிலே வயரிங் மாற்றமா, பராமரிப்பா? இதைக் கேட்க எனக்கே இப்போது பயமாக இருக்கிறது.

ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் ஹெல்மெட், சீட் பெல்ட், குடித்துவிட்டு ஓட்டுவது பற்றியெல்லாம் பெரிய போர்டு வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரே ஒரு தாள் போதும். கேட்காமலே செய்துகொள்ளக்கூடியவை இவை, அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை இவை, செய்யவே கூடாதவை இவை என்று டயர், லைட், ஹாரன், கண்ணாடி, நிறம் எல்லாவற்றையும் நல்ல தமிழில் எழுதி ஒட்டட்டும். அக்சசரீஸ் கடைகளிலும் அதே தாளைக் கல்லாவுக்கு மேலே மாட்டச் சொல்லட்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றி அறிவித்திருக்கிறார்கள். நான் 2029-ல் கட்ட வேண்டும். அவ்வளவு வாங்குகிறவர்கள் ஒரு தாள் அச்சடிக்க மாட்டார்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாந்தோணிமலை, கரூர்.

பி.கு.: மொட்டை மாடியில் இருக்கும் அலாய் வீல்களைக் கேட்டு இதுவரை மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் 800 தான் இருந்தது. கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அப்பா மட்டும் தினமும் ‘அதுக்குள்ள மண்ணைக் கொட்டிக் கீரை போடலாமா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.