காடாக விடப்பட்ட தோட்டமில்லை அது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த உயிரினங்களை முப்பது வருடம் எண்ணிப் பதிவு செய்த ஜெனிஃபர் ஓவன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் இதழ்கள் அதிகம் பேசாத ஒரு விலங்கியலாளருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. கல்லூரியில் பல வருடம் விலங்கியல் நடத்தியவன் என்பதால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். ஆனால் அந்த அம்மையாரைப் போற்றுகிற வேகத்தில் கட்டுரையாளர் அவருடைய வேலையையே தலைகீழாக்கிவிட்டார். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தோட்டத்தைக் கவனிக்காமல் காடுபோல வளரவிட்டதால்தான் அங்கே 2,673 வகை உயிரினங்கள் குடியேறின என்று கட்டுரை சொல்கிறது. நடந்தது அப்படியில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், ஹம்பர்ஸ்டோன் பகுதியில் இருந்த அந்த இடம் மொத்தம் 741 சதுர மீட்டர். நம் கணக்கில் பதினெட்டு சென்ட் சொச்சம். அங்கே புல்தரை இருந்தது, பூப்பாத்தி இருந்தது, காய்கறி விளைந்தது, எருக்குவியல் இருந்தது. களை எடுத்தார், கத்தரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் வித்தியாசமாக ஒன்றும் தெரிந்திருக்காது. பூச்சிமருந்து மட்டும் அடிக்கவில்லை. ஆய்வின் உயிர்நாடியே இந்தச் சாதாரணத்தில்தான் இருக்கிறது. காட்டில் ஆயிரம் பூச்சி இருந்தால் அது செய்தியே இல்லை. ஊரில் எல்லோருக்கும் இருப்பது போன்ற ஒரு தோட்டத்தில் இத்தனை இருந்தது என்பதுதான் செய்தி. காடாக விட்டார் என்று எழுதிவிட்டால், அது யாரோ ஒருவரின் விசித்திரத் தோட்டம் என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

அந்த எண்ணிக்கையையும் கொஞ்சம் பிரித்துக் காட்டியிருக்கலாம். 2,673-இல் தாவரங்கள் 474, பூச்சிகள் 1,997, முதுகெலும்பில்லாத பிற உயிர்கள் 138. பறவை, பாலூட்டி, தவளை என்று நம் கண்ணுக்குச் சட்டெனப் படுகிற முதுகெலும்புள்ளவை வெறும் 64. கட்டுரையோடு வந்த படங்களில் பாதி பறவைகள்! இன்னொன்று, இத்தனையும் ஒரே சமயத்தில் அங்கே குடியிருந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. 1972 முதல் 2001 வரை முப்பது வருடங்களில் வந்தவை, போனவை, ஒரே ஒருமுறை தலைகாட்டியவை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பூச்சிகளிலேயே எத்தனையோ குடும்பங்களை இனம்வரை பிரித்தறிய ஆளில்லை. அவை இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆக, உண்மையில் அங்கே இருந்தவை இதைவிட அதிகம்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். பூச்சிகளை வலை வைத்துப் பிடித்தார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அது மலேஸ் பொறி. ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் கண்டுபிடித்தது. களப்பயணங்களில் தன் கூடாரத்துக்குள் வரும் பூச்சிகள் கூரை மூலைக்கு ஏறிப்போய் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கூடாரத்தையே பொறியாக்கினார். பார்ப்பதற்குப் பக்கம் திறந்த வலைக் கூடாரம். நடுவில் செங்குத்தாக ஒரு வலைச் சுவர். பறந்து வரும் பூச்சி அதில் மோதும். மோதினால் அது கீழே இறங்கிப் பார்க்காது, வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும். ஏற ஏறக் கூரை குறுகி, உச்சியில் மாட்டிய குப்பிக்குள் கொண்டுபோய் விடும். இதில் தூண்டில் இல்லை, மணமில்லை, விளக்கில்லை. பூச்சியைக் கவர்ந்து இழுக்காமல், அந்த வழியாகப் போவதை மட்டும் பிடிப்பதால்தான் ஒரு வருடத்தையும் அடுத்த வருடத்தையும் ஒப்பிட முடிகிறது.

பொறி வைப்பது சுலபம், குப்பியைக் காலி செய்த பிறகுதான் வேலையே. உள்ளே கிடப்பதில் பெரும்பகுதி அரிசியளவு கூட இல்லாத ஈயும் குளவியும். இறக்கை நரம்பின் அமைப்பு, உணர்கொம்பின் கணுக்கள் என்று உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிரிக்க முடியாததை அந்தந்தக் குடும்பத்தில் தேர்ந்தவர்களுக்கு அனுப்பிக் கேட்க வேண்டும். இப்படித்தான் இக்னியூமன் என்னும் ஒட்டுண்ணிக் குளவிகளில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அந்த ஒரு தோட்டத்தில் பதிவாயின. அவற்றில் பிரிட்டனில் அதுவரை யாரும் பதிவு செய்யாதவை உண்டு, அறிவியலுக்கே புதியவையும் உண்டு. இந்தக் குளவிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை!

பெண் குளவி ஒரு கம்பளிப்புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடம்பில் முட்டை வைக்கும். பொரித்து வருவது புழுவை உயிரோடு வைத்துக்கொண்டே தின்று வளரும். கருணையுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா என்று சார்ல்ஸ் டார்வின் 1860-இல் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் மனம் குமைந்தது இந்தக் குளவிகளை வைத்துத்தான். கடவுளை விடுவோம்; சூழலியலில் இவற்றின் பொருள் வேறு. இவற்றில் பல, சில வகைப் புழுக்களை மட்டுமே நாடும். ஒட்டுண்ணிக் குளவிகள் இத்தனை வகை வருகின்றன என்றால், அவற்றுக்கு இரையாகும் புழுக்களும் சுற்றுவட்டாரத்தில் வகைவகையாக இருக்கின்றன என்று பொருள். வண்ணத்துப்பூச்சிகளை எண்ணியிருந்தால் இது தெரியவந்திருக்காது.

ஓவனும் கணவர் டெனிஸ் ஓவனும் உகாண்டாவிலும் சியரா லியோனிலும் வேலை பார்த்தவர்கள் என்பதைக் கட்டுரை வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் தருகிறது. அங்கேயும் மலேஸ் பொறி வைத்தார்கள். கம்பாலா, ஃப்ரீடவுன் தோட்டங்களில் கிடைத்த இக்னியூமன் குளவிகளை லெஸ்டரிலும் ஸ்வீடனிலும் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டு, 1974-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் இருவரும் எழுதினார்கள். வெப்பமண்டலத்தில்தான் எதுவும் அதிக இனங்களாக இருக்கும் என்பது பாடப்புத்தக வாக்கியம். நானும் அதைத்தான் நடத்தினேன். இந்தக் குளவிகள் விஷயத்தில் குளிர்நாட்டுத் தோட்டங்கள் சளைக்கவில்லை என்று அவர்களுடைய பொறிகள் காட்டின. அது ஏன், எந்த அளவுக்கு உண்மை என்று பூச்சியியலாளர்கள் பின்னாளில் நிறைய வாதிட்டார்கள். அந்த விவாதத்துக்கு வித்துகளில் ஒன்று ஒரு வீட்டுப் புல்தரையில் நின்ற கூடாரம் என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மாறாக, ஒரு முழுப் பக்கம் அவருடைய நோய்க்குப் போயிருக்கிறது. அவருக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் இருந்தது உண்மை. நரம்பைத் தளர்த்தும் நோயோடு இந்த வேலையைத் தொடர்ந்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் படித்து முடித்தபின் அவருக்கு என்ன நோய் என்பது நினைவிருந்து, என்ன கண்டுபிடித்தார் என்பது நினைவில் இல்லையென்றால் எங்கோ தவறியிருக்கிறோம். முதல் பதினைந்து ஆண்டு முடிவுகளை 1991-இலும், முப்பது ஆண்டு முடிவுகளை 2010-இலும் நூலாகக் கொண்டுவந்தவர் அவர். 2014-இல் காலமானார்.

வீட்டுத் தோட்டத்தை ஆய்வுக்களமாக்கிய முதல் ஆள் இவர்தான் என்ற தொனியும் கட்டுரையில் இருக்கிறது. அதுவும் சரியில்லை. டார்வின் 1857-இலேயே தன் வீட்டில் மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, முளைத்த ஒவ்வொரு களையையும் குறித்துவைத்தார். முளைத்தவை 357, அழிந்தவை 295. பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும் தின்று தீர்த்தவை. ஓவனுக்குப் பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 61 வீட்டுத் தோட்டங்களை எடுத்து ஒரு குழு ஆராய்ந்தது. ஓவனின் தோட்டம் ஏதோ அதிசய விதிவிலக்கோ என்ற சந்தேகம் அதில் பெருமளவு தீர்ந்தது. அங்கும் சாதாரணத் தோட்டங்களில் உயிர்கள் மலிந்திருந்தன. மரமும் புதரும் அடர்ந்திருப்பது உதவுகிறது. நாட்டுச் செடியா அயல்செடியா என்பது நாம் நினைக்கிற அளவுக்குப் பொருட்டாகவில்லை. நாட்டுச் செடிதான் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு இது கசக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் மஞ்சள் பூவில் உட்கார்ந்திருப்பதைத் தேனீ என்று படக்குறிப்பு சொல்கிறது. அது தேனீ இல்லை, தேனீ வேடமிட்ட ஈ. தேனீக்கு இரண்டு ஜோடி இறக்கை, முழங்கை மடித்ததுபோல் நீண்ட உணர்கொம்பு. படத்தில் இருப்பதற்கு இறக்கை ஒரு ஜோடிதான். உணர்கொம்பு இருக்கிற இடமே தெரியாத அளவுக்குக் கட்டை. கண்கள் முகத்தையே மூடியிருக்கின்றன. அந்தரத்தில் அசையாமல் நிற்கிற ஹோவர்ஃப்ளை வகை. இவற்றில் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்று தீர்ப்பவை. ஓவன் வருடக்கணக்காக விடாமல் எண்ணிய கூட்டம் இது. அடுத்த இதழில் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர்